கோல்டு ஃபிஷ்ஷுக்கு முடியாம போன அனுபவம், உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்க

செல்லூர்க்காரன்:
சித்திரைத் திருவிழா சமயத்துல நடந்தது இது. 60 லிட்டர் தொட்டி, ரெண்டு மீனு, ரெண்டு வருசமா ஒரு தொந்தரவும் கெடையாது. எதிர்சேவை பாக்க சொந்தக்காரங்க வர்றாங்க, தொட்டிய பளிச்சுனு வைடான்னு அம்மா சொல்ல, நானும் மொத்தத் தண்ணியையும் எறைச்சுட்டு, கல்லக் கழுவி, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கொழாயில நேரா காட்டிப் புழிஞ்சு புழிஞ்சு புதுசு மாதிரி ஆக்கி மாட்டிட்டேன். மூணாம் நாள் காலைல ரெண்டும் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது, வால்ல செவப்பா நரம்பு ஓடுது. பசிக்குதுபோலன்னு அம்மா வேற தீனிய அள்ளிப் போட்டுட்டாங்க. நான் கடைக்கு ஓடி நீல மருந்த வாங்கியாந்து ஊத்துனேன். மறுநாள் சின்னது போயிருச்சு.

பக்கத்துத் தெரு அண்ணே ஒருத்தர் வந்தாரு, மீனக்கூடப் பாக்கல, "ஃபில்டர எப்படா கழுவுன?"ன்னுதான் மொதல்ல கேட்டாரு. மீனோட கழிவுல இருந்து வர்ற அம்மோனியாவத் தின்னு தீர்க்குற பாக்டீரியா அந்த ஸ்பாஞ்சுலதான் இருக்குதாம், நான் கொழாத் தண்ணி குளோரின்ல அதக் கொன்னுட்டு, மிச்சம் மீதிய நீல மருந்துலயும் கொன்னுருக்கேன். தண்ணியில அம்மோனியா இருக்கான்னு பாக்குற டெஸ்ட் கிட்ல சொட்டு விட்டா மஞ்சளா நிக்க வேண்டியது பச்சப்பசேல்னு ஆகுது. அப்பறம் மூணு நாள் தீனி கட், தெனம் மூணுல ஒரு பங்கு தண்ணி மட்டும் மாத்தி (ஆன்டி குளோரின் விட்டுத்தான்), காத்து மோட்டார் ரெண்டு போட்டு பெருசக் காப்பாத்திட்டேன். ஆறும்போது துடுப்போரமெல்லாம் கருத்துப்போச்சு, அடுத்த வியாதின்னு பதறிட்டேன், அது புண்ணு ஆறுற அடையாளமாம். இப்ப ஸ்பாஞ்ச தொட்டித் தண்ணியிலயேதான் அலசுறது.

ஒத்தக்கடை அக்கா:
எனக்கு இதுக்கு நேர்மாறு தம்பி, ஒண்ணுமே இல்லாத மீனுக்கு வைத்தியம் பாத்தவ நான். செவுள் மூடியிலயும் முன் துடுப்பு மொத எலும்புலயும் வெள்ளப் புள்ளி, வெள்ளப்புள்ளி நோயேதான்னு ஒரு வாரம் உப்பு, மருந்துன்னு அதப் படாத பாடு படுத்திட்டேன். ஒரு நாள் விடியக்காலைல பாத்தா அது இன்னொரு மீன வெரட்டு வெரட்டுன்னு வெரட்டுது, செடியெல்லாம் முட்ட! சோடி சேந்து முட்டை போடுற சமயத்துல ஆம்பள மீனுக்கு அப்பிடித்தான் புள்ளி வருமாம். அந்தப் புள்ளி ஒரே எடத்துல நிக்கும். நோய்னா ஒடம்பு, வாலுன்னு ரவையத் தூவுன மாதிரி இருக்கும், மீனும் கல்லுல போயி ஒரசிக்கிட்டே திரியும்.

திருநகர்:
அக்கா சொன்ன அந்த நெச நோயி எனக்கு வந்துச்சு. அஞ்சாம் நாள் புள்ளி கொட்டிருச்சு, சரியாச்சுன்னு நிறுத்திட்டேன், திரும்ப ரெண்டு மடங்கா வந்துச்சு. அந்தப் புள்ளிக்குள்ள இருக்குறது ஒட்டுண்ணிக் கிருமியாம், கொட்டுனதும் அடியில கெடந்து வெடிச்சு நூத்துக்கணக்குல குட்டி போடுமாம், அது நீந்தி வர்றப்பதான் மருந்து பிடிக்கும், மீன் மேல ஒட்டியிருக்கையில பிடிக்காது. ரெண்டாந்தடவ கல்லுப்பு, 20 லிட்டருக்கு 40 கிராம், ஒரே நாள்ல கொட்டாம மூணு தவணையா கரைச்சு விட்டு ரெண்டு வாரம் வச்சிருந்தேன். ஹீட்டர்லாம் வேணாம், நம்மூரு வெயிலே போதும். செடி இருந்தா எடுத்துருங்க, உப்புல கருகிரும்.

மாட்டுத்தாவணி மாப்ள:
என்னுது தின்னுட்டு தலகீழா மெதந்துச்சு. ரெண்டு நாள் பட்டினி, மூணாம் நாள் பச்சப் பட்டாணிய வேக வச்சு தோலுரிச்சு நசுக்கிக் குடுத்தேன், நிமிந்துருச்சு. ஆனா செதில் சிலுத்துக்கிட்டு வயிறு ஊதுனா பட்டாணிக்கெல்லாம் அடங்காது, எனக்கு ரெண்டு மீனு அப்பிடிப் போச்சு. பொற்றாமரைக் குளத்துல மீனே இருக்காதும்பாங்க, எங்க தொட்டிக்கும் அந்த வரம் கெடச்சிருச்சோன்னு வீட்ல ஒரே கேலி.

செல்லூர்க்காரன்:
😂 அக்கா, அந்த முட்டையெல்லாம் என்னாச்சு?

ஒத்தக்கடை அக்கா:
நான் வாளி தேடிட்டு வர்றதுக்குள்ள அதுகளே தின்னுருச்சுக தம்பி.