இத்தாலியின் கடலோர ஊர் லெவான்தோவில் மழை: குடும்பக் குழு

கவிதா, காலை 7:42
மாமா, இங்க விடியக்காலைலேர்ந்து நல்ல மழை. இன்னைக்கு மோன்டெரோஸோ வரைக்கும் மலைப்பாதைல நடக்கலாம்னு இருந்தோம். போலாமா?

ஜெனோவா மாமா, 7:45
வேண்டாம்மா. மழை நின்னாலும் இன்னைக்கு அந்தப் பாதை வேண்டாம். கல்படி வழுக்கும். ஓரத்துச் சுவரெல்லாம் சாந்து இல்லாம வெறும் கல்லடுக்கிக் கட்டினது, தண்ணி ஊறினா சரியும்.

ஜெனோவா மாமா, 7:46
அல்லெர்த்தா லிகூரியாங்கற மழை எச்சரிக்கைத் தளத்துல என்ன நிறம் போட்டிருக்கான்னு பாரு. நீங்க இருக்கறது சி மண்டலம்.

முரளி, 7:51
மஞ்சள் மாமா. மதியம் 3 மணி வரைக்கும்.

ஜெனோவா மாமா, 7:55
சரி மாப்பிள்ளை, மஞ்சள்னா ஊருக்குள்ள நடமாடலாம். ஓடைக்கரை, தரைக்குக் கீழ இருக்கற பார்க்கிங், ரெண்டு பக்கமும் மட்டும் போகாதீங்க. ஆரஞ்சோ சிவப்போ ஆச்சுன்னா வீட்டுலயே இருங்க, சிங்க்வே தெர்ரே (மோன்டெரோஸோ, வெர்னாஸா மாதிரி அஞ்சு கடலோர ஊருங்க) பாதைங்களையும் மூடிடுவாங்க. அங்க மலை கடலை ஒட்டியே செங்குத்தா நிக்குது. தெக்கேர்ந்து வர்ற ஈரக்காத்து அதுல மோதி ஒரே இடத்துல கொட்டித் தீர்த்துடும். 2011 அக்டோபர் 25ல வெர்னாஸாவும் மோன்டெரோஸோவும் சேத்துல புதைஞ்சது அப்படித்தான்.

கவிதா, 7:57
பசங்க நாள் முழுக்க ரூம்லயே இருக்க மாட்டாங்களே மாமா 😟

ஜெனோவா மாமா, 8:03
மழைக்குன்னே ஒரு நடை இருக்கு. கடற்கரையோட மேற்குக் கோடிக்குப் போங்க. பழைய ரயில் சுரங்கம் அங்க ஆரம்பிக்கும். 1970ல ரயிலை உள்பக்கமாத் திருப்பிட்டாங்க, பழைய பாதை இப்போ நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும். அடுத்த ஊர் பொனஸ்ஸோலா சுமார் இரண்டரை கிலோமீட்டர், அதைத் தாண்டி ஃப்ரமூரா வரைக்கும் போகுது. பெரும்பகுதி சுரங்கம்தான், உள்ள விளக்கு உண்டு, காசு கிடையாது. வாசல்ல மூடினதா பலகை இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க.

உள்ள குளிரும், பசங்களுக்கு மேல்சட்டை வேணும். சைக்கிள் வேகமா வரும், சின்னவனைச் சுவர்ப்பக்கம் நடக்க விடுங்க. நடுநடுவுல கடலைப் பாத்த திறப்பு வரும், ரொம்ப அழகு. ஆனா தென்மேற்குக் காத்து அடிச்சா அலை மேலயே தெறிக்கும், அங்க நிக்காதீங்க.

முரளி, 8:05
திரும்பி வர ரயில் உண்டா?

ஜெனோவா மாமா, 8:08
பொனஸ்ஸோலாலேர்ந்து ஒரே ஸ்டேஷன். காகித டிக்கெட்னா ஏறும் முன்னாடி மெஷின்ல முத்திரை குத்தணும். மொபைல் டிக்கெட்னா செக்-இன் அழுத்தணும். காசு குடுத்து வாங்கியிருந்தாலும் இதை விட்டா அபராதம்.

லதா அத்தை, 8:14
கவி, கிளம்பறதுக்கு முன்னாடி ஃபரினாத்தாவுக்கு, அதான் அந்தக் கடலைமாவு அடைக்கு, கரைச்சு வச்சிட்டுப் போ. 300 கிராம் கொண்டைக்கடலை மாவு, 900 மில்லி தண்ணி, 10 கிராம் உப்பு. முதல்ல கொஞ்சம் தண்ணி விட்டுக் கட்டியில்லாம குழைச்சுக்கோ, அப்புறம் மீதியை ஊத்து. ஒரேயடியா ஊத்தினா கட்டி உடையவே உடையாது. மூடி வெளியவே 4 மணி நேரம் வை.

கவிதா, 8:20
கரைச்சாச்சு அத்தை. ஆனா மோர் மாதிரி ஓடுதே?

லதா அத்தை, 8:21
அப்படித்தான் இருக்கணும். மாவு சேத்துடாதே.

கவிதா, மதியம் 12:48
வந்துட்டோம். மேல வெள்ளையா நுரை கட்டியிருக்கு.

லதா அத்தை, 12:52
கரண்டியால வழிச்சு மொத்தமும் எடுத்துடு, விட்டா கறுத்துக் கசக்கும். ஓவனை 250 டிகிரில வச்சு நல்லாக் காய விடு. ஓவனோட பெரிய தட்டுல 100 மில்லி ஆலிவ் எண்ணெய் ஊத்தி, அது மேல கரைசலை ஊத்தி மரக்கரண்டியால கிளறு. எண்ணெய் பொட்டுப்பொட்டா மேல வரணும். கனம் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. அடித்தட்டுல 15 நிமிஷம், அப்புறம் மேல ஏத்திப் பொன்னிறமாகற வரைக்கும்.

முரளி, 1:05
மாமா, கரண்ட் போயிடுச்சு!

ஜெனோவா மாமா, 1:06
ஓவனோட வேற என்ன ஓடுது?

முரளி, 1:06
ஹீட்டர், வாஷிங் மெஷின்.

ஜெனோவா மாமா, 1:09
அதான். இத்தாலில சாதாரண வீட்டு இணைப்பு 3 கிலோவாட்தான். ஓவனே 2 இழுக்கும், ஹீட்டர் ஒண்ணரை வரைக்கும் போகும். மூணையும் அணைச்சிட்டு மீட்டர்ல இருக்கற சுவிட்சைத் தூக்கிவிடுங்க. வீட்டுக்குள்ள இல்லேன்னா கீழ மாடிப்படி வாசல்ல மீட்டர் பெட்டி இருக்கும். அப்புறம் ஓவன் மட்டும் போடுங்க.

கவிதா, 1:31
வந்துடுச்சு மாமா. அத்தை, ஒரு பக்கம் சிவக்குது, இன்னொரு பக்கம் தளதளன்னு இருக்கு.

லதா அத்தை, 1:33
தட்டு சாஞ்சிருக்கு. கரைசல் ஒரு பக்கமா ஓடித் தேங்கிடுச்சு. சிவந்த பக்கத்தை அலுமினியத் தாளால மூடி இன்னும் 7, 8 நிமிஷம் விடு. எடுத்ததும் மிளகு பொடிச்சுத் தூவிச் சூட்டோட குடு.

முரளி, 3:20
மழை விட்டுடுச்சு. பசங்க கடல்ல இறங்கலாமான்னு கேக்கறாங்க.

ஜெனோவா மாமா, 3:24
இன்னைக்கு வேண்டாம் மாப்பிள்ளை. ஓடைத் தண்ணி சாக்கடையையும் சேத்து அடிச்சுட்டு வந்து கடல்ல விடும். நாளைக்கும் ஓடை வாய்ப் பக்கம் பழுப்பா இருந்தா அங்க இறங்க வேண்டாம். கடற்கரைல செங்கொடி பறந்தா எங்கயுமே இறங்காதீங்க.