உதவி: மாடிக் கேரட் இலை சிவந்து குட்டையாகவே நிற்கிறது

பனசங்கரி மாடி
வணக்கம். மாடியில் போட்ட கேரட் எல்லாம் சிவந்துகொண்டே வருகிறது, வளரவும் இல்லை. வேப்பெண்ணெய் அடித்தும் பலன் இல்லை. என்ன மருந்து வாங்கலாம்? நாளைக் காலை நர்சரிக்குப் போகிறேன், அதற்குள் சொல்லுங்கள்.

செம்மண்
எந்த ரகம்? விதைத்து எவ்வளவு நாள் ஆச்சு? சிவப்பது வெளி இலையா, குருத்தா? படம் போடுங்க மேடம்.

கோலார் தம்பி
மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவுதான், சந்தேகமே வேண்டாம். எலும்புத்தூள் போடுங்கள்.

மல்லேஸ்வரம் தொட்டி
எனக்கு நூற்புழு மேல்தான் சந்தேகம், வேரைத் தாக்கும் நுண்புழு. ஒரு செடியைப் பிடுங்குங்கள் அக்கா. வேர் முடிச்சு முடிச்சாக, கவைத்துப் போயிருந்தால் அதேதான்.

பனசங்கரி மாடி
பாக்கெட் விதை, ஆரஞ்சு கேரட். இரண்டு மாதம் தாண்டிவிட்டது. வெளி இலைதான் சிவப்பும் மஞ்சளுமாக இருக்கிறது. பக்கத்துத் தொட்டிக் கொத்தமல்லிக்கும் அதே நிறம். நன்றாக இருக்கிற இரண்டு செடியை விதைக்கு விடலாமா?

ஹெப்பாள் பெரியவர்
கொத்தமல்லியை முதலிலேயே சொல்லியிருந்தால் எலும்புத்தூள் வரை போயிருக்க வேண்டாம். மருந்துப் பெயர் கேட்கும் முன் இலையைப் புரட்டி அசுவினி, அதாவது சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி, இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை இங்கே எத்தனை தடவை எழுதுவது?

கேரட்டுக்கும் கொத்தமல்லிக்கும் வருகிற மோட்லி ட்வார்ஃப் என்று ஒரு நோய் உண்டு. 1948-லேயே ஆஸ்திரேலியாவில் ஸ்டப்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் எழுதியிருக்கிறார். இது ஒரே வைரஸின் வேலை இல்லை. கேரட் ரெட் லீஃப் வைரஸும் கேரட் மாட்டில் வைரஸும் கூட்டுச் சேர்ந்து வருவது. மாட்டிலுக்குச் சொந்தமாகப் புரத உறை கிடையாது. ரெட் லீஃபின் உறைக்குள் புகுந்தால்தான் அசுவினி அதை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். பல சமயம் மூன்றாவதாக ஓர் ஆர்என்ஏவும் (வெறும் மரபுப்பொருள் இழை) கூடவே வரும். அது தானாகப் பெருகும், ஆனால் உறைக்கு அதுவும் ரெட் லீஃபைத்தான் நம்பியிருக்கிறது.

கோலார் தம்பி
அப்போ மூன்று வைரஸ் என்று சொல்லுங்கள் சார்.

ஹெப்பாள் பெரியவர்
மூன்றாவதை வைரஸ் கணக்கில் சேர்ப்பதில்லை தம்பி. படித்துவிட்டு வாருங்கள்.

செம்மண்
பைட்டோபிளாஸ்மா என்ற பாக்டீரியா வகையையும் விட்டுவிடக் கூடாது. அது தத்துப்பூச்சி பரப்புவது. குருத்து மஞ்சளாகி, உச்சியில் மெல்லிய இலைகள் கொத்தாக வெடிக்கும். கிழங்கு முழுக்க மயிர் மாதிரி வேர் விட்டிருக்கும். பிடுங்கினால் தெரிந்துவிடும்.

மல்லேஸ்வரம் தொட்டி
இந்த வைரஸெல்லாம் காட்டுக் கேரட்டில் இருந்து வருவதாகப் படித்தேன். பெங்களூரில் காட்டுக் கேரட்டுக்கு எங்கே போவது?

செம்மண்
ஐரோப்பாவில் அது சாலையோரக் களை, வைரஸ் அதில் தங்கும். இங்கே உங்கள் கொத்தமல்லியே போதும், அதுவும் அதே குடும்பம்தானே. மேடம், விதைக்கு விட வேண்டாம். இந்த இரண்டு வைரஸும் விதை வழியாகப் போகாதுதான், ஆனால் நோய்ச் செடி மண்ணிலேயே நின்றால் அசுவினிக்கு அதுவே கிடங்கு. பார்க்க நன்றாக இருக்கிற செடியிலும் இருக்கலாம். தவிர, ஆரஞ்சு ரகம் பெரும்பாலும் நல்ல குளிர் படாமல் பூக்காது.

கோலார் தம்பி
டெல்லி சிவப்புக் கேரட் சமவெளியிலேயே பூத்து விதை தருமே. அல்வாவுக்கும் அதுதான்.

மல்லேஸ்வரம் தொட்டி
அல்வாவுக்குச் சரி. சாம்பாருக்கு ஊட்டிக் கேரட் பக்கத்தில் அது வராது.

கோலார் தம்பி
சிவப்பிலேயே பூசா ருதிரா ரகத்தைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பனசங்கரி மாடி
பிடுங்கிப் பார்த்தேன். முடிச்சு இல்லை, மயிர்வேர் இல்லை. சுண்டுவிரல் கனம்தான் இருக்கிறது. கொத்தமல்லி இலைக்கு அடியில் பச்சைப் பூச்சி அப்பிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். கிழங்கைச் சாப்பிடலாமா?

ஹெப்பாள் பெரியவர்
தாராளமாக. செடி வைரஸ் மனிதரைத் தொற்றாது. எண்ணெய் போகக் கழுவுங்கள். வைரஸுக்கு மருந்து கிடையாது, நர்சரியில் எதையும் வாங்க வேண்டாம். அடுத்த தடவை முளை வந்ததுமே மெல்லிய வலை போட்டு மூடுங்கள், கொத்தமல்லியை மாடியின் மறு கோடியில் வையுங்கள். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் இலையைக் காட்டிக் கேளுங்கள்.

மல்லேஸ்வரம் தொட்டி
தம்பி, அந்த ருதிரா விதை பெங்களூரில் எங்கே கிடைக்கும்?