பெடலில் முதலில் கெடுவது ஜாக்தான்: என் அனுபவம்

கிட்டாரின் சத்தத்தை மாற்றக் காலால் மிதித்து இயக்கும் சின்னப் பெட்டிதான் பெடல்; அது கெட்டுப்போன கதைகளை இந்தக் குழுவில் எல்லோரும் சொல்லி வருகிறீர்கள். அவற்றில் பாதிக்கு மேல் கெட்டது சர்க்யூட்டே இல்லை. கேபிள் செருகும் ஜாக், மிதிக்கும் ஸ்விட்ச், அடாப்டர் நுழையும் சாக்கெட், இவைதான் போயிருக்கின்றன. என் அனுபவமும் அதுதான்.

சென்னையில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். ஒரு கோயில் திருவிழாக் கச்சேரியில், பாட்டின் நடுவே எதிரொலி தரும் டிலே பெடலில் சத்தம் விட்டு விட்டு வர ஆரம்பித்தது. கேபிளை லேசாகத் தூக்கிப் பிடித்தால் சத்தம் வரும், விட்டால் போய்விடும். நல்ல பேர் உள்ள கம்பெனியின் பெடல், கையில் எடுத்தால் நல்ல கனம். அந்தக் கனத்தைப் பார்த்துத்தான் கடையில் எல்லோரும் நம்பி வாங்குகிறார்கள்.

வீட்டுக்கு வந்து அடிமூடியைக் கழற்றினேன். ஜாக் பிளாஸ்டிக், நேராக சர்க்யூட் போர்டிலேயே சால்டர் செய்திருந்தார்கள். பெட்டிச் சுவரோடு சேர்த்து இறுக்க ஒரு நட்டுகூட இல்லை. அப்படியானால் கேபிள் இழுபடும் ஒவ்வொரு முறையும் அந்த இழுப்பை சால்டர்தானே தாங்க வேண்டும்? லென்ஸ் வைத்துப் பார்த்தபோது ஜாக்கின் காலைச் சுற்றி ஈயத்தில் முடி போல ஒரு வட்ட விரிசல். மறுபடி சூடு வைத்தால் சரியாகிவிடும், ஆனால் கொஞ்ச நாளில் திரும்ப வரும். அதனால் அந்த ஜாக்கையே எடுத்துவிட்டு, சுவரில் நட்டு போட்டு இறுக்கும் மெட்டல் ஜாக் வைத்து, அதிலிருந்து போர்டுக்கு வயர் இழுத்தேன். அதன் பிறகு தொல்லை இல்லை.

இந்த விஷயத்தில் பாஸ் (Boss) கம்பெனியின் சின்னப் பெடல்களை மனதாரப் பாராட்டுவேன். 1977இல் தொடங்கிய வடிவம், 1978இல் வந்த டிஎஸ்-1 என்ற டிஸ்டார்ஷன் பெடல் இன்றும் அதே உடம்பில்தான் விற்கிறது. அதில் கால் படுவது ரப்பர் ஒட்டிய பெரிய தகட்டின் மேல். தகடு இறங்கி உள்ளே இருக்கும் சின்னப் பட்டனைத் தொடும், அவ்வளவுதான். சிக்னலைத் திருப்பி விடும் வேலையை டிரான்சிஸ்டர் பார்த்துக்கொள்கிறது. பட்டன் தேய்ந்தால் மாற்றுவதும் சுலபம்.

ட்ரூ பைபாஸ், அதாவது பெடலை அணைத்தால் சிக்னல் சர்க்யூட்டைத் தொடாமல் ஸ்விட்ச் வழியே நேராகப் போய்விடும் அமைப்பு, இருந்தால்தான் உயர்ந்த பெடல் என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். மேடைக்கு நான் அதை ஏற்க மாட்டேன். அதற்குப் போடும் ஒன்பது கால் ஸ்விட்சில் சிக்னலே தொடுமுனை வழியாகத்தான் போகிறது. முனை கறுத்தால் சத்தம் போய்விடும். சால்டர் செய்யும்போது சூடு கூடினால் உள்ளே பிளாஸ்டிக் இளகி, கால்கள் நகர்ந்துவிடும். புதுப் பெடலே தகராறு செய்வதற்கு இது ஒரு காரணம்.

அடாப்டர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். மேடையில் கிடக்கும் ஏதோ ஒரு கீபோர்டு அடாப்டர் நடுமுனை பாசிட்டிவாக இருக்கலாம். நண்பர் ஒருவர் அப்படிச் செருகிவிட்டு, பெடல் செத்துவிட்டது என்று கொண்டுவந்தார். திறந்தால், மின்சாரம் நுழையும் இடத்தில், தலைகீழாக வரும் மின்சாரத்திலிருந்து காக்க வைத்திருந்த டயோடு மட்டும் கருகி ஷார்ட் ஆகியிருந்தது. மற்ற எல்லாவற்றையும் அது காப்பாற்றிவிட்டது! எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் 1என்4001 டயோடு போட்டதும் விளக்கு எரிந்தது. மிச்சம் பிடிக்கிறோம் என்று இந்த டயோடையே விட்டுவிடும் மலிவுப் பெடல்களும் உண்டு, ஜாக்கிரதை.

பழைய பெடல் வாங்கப் போனால் வாசித்துப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். கேபிளைச் செருகி நாலு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். குமிழ்களை முழுக்கத் திருப்புங்கள். கரகர என்றால் பெரும்பாலும் கான்டாக்ட் கிளீனரிலேயே சரியாகிவிடும், அதற்காக வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. அடிமூடியைத் திறக்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் நான் வாங்க மாட்டேன்.

காலால் முன்னும் பின்னும் சாய்த்து ‘வா வா’ என்று சத்தம் வரவைக்கும் வா (wah) பெடல் வைத்திருப்பவர்கள் யாராவது அதன் பாட்டை (pot, சாய்க்கும்போது சுழலும் மாறு மின்தடை) மாற்றியிருக்கிறீர்களா? என்னுடையது நடுப்பகுதியில் தேய்ந்துவிட்டது, கிளீனருக்கும் அடங்கவில்லை. பல்சக்கரத்தோடு பொருந்தும் பாட் சென்னையில் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.