அப்பா விஷயம்: எந்த ஊர் கோர்ட்?

அக்கா ஃப்ரீமான்ட்: அப்பாவுக்கு நினைவு தப்புவதால், அவர் சார்பில் முடிவெடுக்க கோர்ட் மூலம் ஒருவரை நியமிப்பது பற்றி வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தேன். முதல் கேள்வியே, "அப்பா கலிபோர்னியா வந்து எத்தனை மாதம்?" ஜனவரி 20 என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

மாமா திருச்சி: குட் மார்னிங் 🙏 ஏன் மூடினார்?

நான்: ஒரு மாநிலத்தில் ஆறு மாதம் இருந்தால்தான் அந்த ஊர் கோர்ட் என்று கணக்கு மாமா. இன்னும் மூன்றுகூட ஆகவில்லை.

அண்ணன் எடிசன்: அதைத்தான் அப்போதே சொன்னேன். பதினோரு வருஷம் அப்பா இங்கே நியூ ஜெர்சியில் என் வீட்டில் இருந்தார். கேஸ் இங்கேதான்.

அக்கா ஃப்ரீமான்ட்: நீ சொன்னது "திருப்பி அனுப்பு" என்று. அது வேறு.

மாமா திருச்சி: விசிட்டர் விசாவுக்கும் ஆறு மாதம், இதற்கும் ஆறு மாதமா? பேங்க்கில் மகன் கையெழுத்துப் போதாதா?

நான்: போதாது மாமா. அப்பா தெளிவாக இருந்தபோதே, அவர் சார்பில் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வாங்கியிருக்க வேண்டும். நாம் மூன்று பேரும் கோட்டை விட்டோம். இனி கோர்ட்தான் ஆளை நியமிக்க வேண்டும்.

நான்: எந்த கோர்ட் என்று மாநிலங்கள் அடித்துக்கொள்ளாமல் இருக்க 2007-இல் ஒரு மாதிரிச் சட்டம் எழுதினார்கள். நியூ ஜெர்சி 2012-இல் எடுத்துக்கொண்டது, கலிபோர்னியாவில் 2016-இலிருந்து அமல். மனு போடும் நாளுக்கு முன்னால் தொடர்ந்து ஆறு மாதம் எங்கே இருந்தாரோ அதுதான் சொந்த மாநிலம். நடுவில் வெளியூர் போய் வந்தால் கணக்கு அறுந்துபோகாது. கலிபோர்னியா வந்து இன்னும் ஆறு மாதம் ஆகாததால், இன்றைய தேதிக்கு அப்பா நியூ ஜெர்சிக்காரர்தான்.

அக்கா ஃப்ரீமான்ட்: அப்போ ஜூலை 20 வரை வாயை மூடிக்கொண்டு இருந்தால்?

அண்ணன் எடிசன்: பார்த்தாயா இவள் பேச்சை!

நான்: அதற்குள் அண்ணன் அங்கே மனு போடாவிட்டால் கலிபோர்னியா சொந்த மாநிலமாகிவிடும். ஆனால் ஆளையும் கடத்தி நாளையும் கடத்தினால் நீதிபதி கேஸை எடுக்கவே மறுக்கலாம், செலவையும் நம் தலையில் கட்டலாம். நம் கதை அதில்லை. அப்பாவுக்கு டிக்கெட் எடுத்ததே அண்ணன்தான்.

அண்ணன் எடிசன்: இரண்டு மாதம் இருக்கட்டும் என்று எடுத்தேன்.

மாமா திருச்சி: நாளைக்கே ஆபரேஷன் என்றால்?

நான்: அவசரத்துக்கு ஆள் இருக்கிற ஊர் கோர்ட்டே தற்காலிகமாக ஒருவரைப் போடலாம். மாதிரிச் சட்டத்தில் அதற்கு 90 நாள்தான்.

அக்கா ஃப்ரீமான்ட்: தினமும் சாயங்காலம் சட்டைப் பையில் எடிசன் வீட்டுச் சாவியைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார். "கடைசி பஸ் போயிடுமே" என்கிறார். எந்த பஸ் என்று கேட்டால், திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டாம்.

மாமா திருச்சி: அட பாவமே.

அண்ணன் எடிசன்: சாவி அவரிடமே இருக்கட்டும். இங்கே வேறு இருக்கிறது.

அண்ணன் எடிசன்: சரி, வழி என்ன?

நான்: இரண்டு. ஒன்று, நியூ ஜெர்சியில் டாக்டர் சான்றிதழ்களோடு மனு போட்டு உத்தரவு வாங்கி, அப்புறம் கலிபோர்னியாவுக்கு மாற்றுவது. இரண்டு கோர்ட்டும் முதலில் தற்காலிகமாக ஒப்புக்கொண்டு, பிறகு இறுதி உத்தரவு போட வேண்டும். வக்கீல் பீஸும் இரண்டு.

நான்: இன்னொன்று, நேராக அக்கா ஊரிலேயே போடுவது. ஆள் அங்கே இருப்பது மட்டும் போதாது, மகள், டாக்டர், பகல் பராமரிப்பு என்று வேர் இருப்பதைக் காட்ட வேண்டும். அண்ணன் நியூ ஜெர்சியில் மனு போடாமல், கலிபோர்னியாவுக்கு அதிகாரமில்லை என்று ஆட்சேபமும் எழுதாமல் இருந்தால் கலிபோர்னியா கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இதுதான் சரி என்று படுகிறது. கலிபோர்னியாவில் பெரியவர்களுக்குப் போடும் ஆளைக் கன்சர்வேட்டர் என்பார்கள், கார்டியன் என்றால் குழந்தைக்கு. பேப்பரைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

அண்ணன் எடிசன்: அப்பா பேங்க் கணக்கு இங்கே இருக்கிறதே?

நான்: அந்த உத்தரவை நியூ ஜெர்சியில் பதிந்துவிட்டால் செல்லும்.

அண்ணன் எடிசன்: ஆட்சேபம் எழுத மாட்டேன். ஆனால் வரவுசெலவு மாதாமாதம் எனக்கு வர வேண்டும்.

நான்: கோர்ட் கேட்பது முதல் வருஷ முடிவில், அப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான். மாதக் கணக்கை நீங்களே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

அக்கா ஃப்ரீமான்ட்: பைசா சுத்தமாக அனுப்புகிறேன். செவ்வாய் 10 மணிக்கு வக்கீல். அண்ணா, நீயும் லைனில் வா.

அண்ணன் எடிசன்: எனக்கு அது மதியம் 1. மீட்டிங் இருக்கிறது. 11 ஆக்கு.