ரேடியேட்டர் ஒழுகுச்சு, ஒட்டுறதா மாத்துறதா? என் அனுபவம்

வணக்கம் மக்களே. டிசம்பர் ஸ்கூல் லீவுக்கு குடும்பத்தோட மலாக்கா போறதா பிளான், கிளம்ப நாலு நாள் இருக்கறப்ப கார்பார்க்ல வண்டிக்கு அடியில ஈரம். ஏர்கான் தண்ணின்னுதான் முதல்ல நெனச்சேன், நம்ம சிங்கப்பூர் புழுக்கத்துக்கு எல்லா வண்டியும் சொட்டுறதுதானே. ஆனா அது பக்கத்து சீட்டுல கால் வைக்கிற இடத்துக்குக் கீழ சொட்டும், இது நேரா முன் பம்பருக்கு அடியில. தொட்டா வழுவழுன்னு இருந்துச்சு, லேசா ரோஸ் கலரு, இனிப்பா ஒரு வாடை. எஞ்சின் சூட்ட தணிக்க ரேடியேட்டர்ல ஓடுற கூலன்ட்!

ராத்திரி ஒரு பழைய அட்டைப்பெட்டிய பிரிச்சு அடியில போட்டு வச்சேன். காலையில ஒரு வெள்ளி காசு அளவுக்கு மூணு வட்டம்.

முதல்ல போன வொர்க்‌ஷாப்ல பானட்ட தொறந்து ஒரு பார்வை, அவ்ளோதான். "சிஓஇ (வண்டி வச்சுக்கற பத்து வருஷ உரிமை) இன்னும் ஒன்றரை வருஷம்தானே, ஓட்டைய உள்ளயிருந்து அடைக்கிற ஸ்டாப் லீக் மருந்த ஊத்திக்கோ, 40 வெள்ளி"ன்னாங்க. எனக்கும் மனசு அங்கதான் சாஞ்சுச்சு. வீட்டுல மாமனார் கேட்டுட்டு, "ஓட்டை எங்கன்னே பாக்காம மருந்து ஊத்தச் சொல்றாங்களா, வேற எடம் பாருங்க மாப்ள"ன்னுட்டாரு.

அப்புறம் வொர்க்ஷாப் நெறைய இருக்கற சின் மிங் ஏரியாவுல ஒரு மெக்கானிக் அங்கிள்கிட்ட போனேன். எஞ்சின் நல்லா ஆறுற வரைக்கும் ரேடியேட்டர் மூடியவே தொட விடல. ஆறினதும் அந்த வாயில ஒரு கைப்பம்ப மாட்டி காத்தடிச்சாரு, மீட்டர் முள்ளு மெதுவா எறங்குது, டார்ச்ச அடிச்சு "இங்க பாரு"ன்னு காட்டினாரு. பிளாஸ்டிக் டேங்க்ல, அலுமினியத்தோட சேர்ற ஓரத்துல முடி மாதிரி ஒரு விரிசல், அத சுத்தி உப்பு பூத்த மாதிரி காஞ்ச கூலன்ட். எட்டரை வருஷம் சூடாகி சூடாகி ஆறின பிளாஸ்டிக், மொறுமொறுன்னு ஆயிடுச்சு, பசை போட்டா ஆறியிருக்கறப்ப நிக்கும், சூடேறி உள்ள அழுத்தம் ஏறினா பக்கத்துலயே பொளந்துக்கும், ஸ்டாப் லீக் ஊத்தினா உள்ள இருக்கற சன்னமான குழாயெல்லாம் அடைச்சுக்கும்னு பொறுமையா சொன்னாரு. ஹோஸோ மூடியோ ஒழுகியிருந்தா அத மட்டும் மாத்தி அனுப்பியிருப்பேன்னாரு, அந்த வார்த்தைக்கே எனக்கு நம்பிக்கை வந்துருச்சு.

ஒரிஜினல் 520, வெளி கம்பெனி சாமான் 290, கூலன்ட் கூலி எல்லாம் சேத்து. ஒன்றரை வருஷத்துக்கு ஒரிஜினல் எதுக்குன்னு 290-ஐ போட்டேன், மேல் ஹோஸ் உப்பியிருந்துச்சு, அதுக்கு 35. எஞ்சின் சூடாகி அதோட மேல் பாகம், ஹெட்டு, வளைஞ்சா பில்லு ஆயிரக்கணக்குல போகும், அதுவும் பிள்ளைங்கள வச்சுக்கிட்டு ஹைவே ஓரத்துல நிக்கிறத நெனச்சுப் பாக்கவே முடியல. மலாக்கா போய்ட்டு வந்தோம், டெம்பரேச்சர் முள்ளு அசையல. உங்க அனுபவத்தையும் சொல்லுங்க.

பதில்:
எனக்கு நேர் எதிர் அண்ணே. எஞ்சின் மேல் மூடி ஓரத்துல ஆயில் கசிஞ்சுச்சு, மூடியையே மாத்தணும்னு 600 கேட்டாங்க. இன்னொரு எடத்துல கழட்டிப் பாத்தா மூடிக்கு ஒண்ணுமே இல்ல, ரப்பர் கேஸ்கெட்தான் கல்லு மாதிரி இறுகிக் கெடந்துச்சு. 110-ல முடிஞ்சுது, இப்ப ரெண்டு வருஷமாச்சு, இன்ஸ்பெக்‌ஷனும் பாஸ்.

பதில்:
ஏர்கான் கூலிங் காயில்ல லீக்குன்னா யோசிக்காம மாத்திடுங்க. நான் கேஸ் மட்டும் ரொப்பிக்கிட்டே ஏழு மாசம் ஓட்டினேன், ஒவ்வொரு தடவையும் 60 வெள்ளி, கடைசியில டேஷ்போர்ட கழட்டத்தான் வேண்டியிருந்துச்சு. கழட்டுற கூலிதான் பெருசு, அத ரெண்டு தடவ குடுக்கற மாதிரி வச்சுக்காதீங்க. அண்ணே, ரேடியேட்டர் ஒழுகறப்ப வொர்க்‌ஷாப் வரைக்கும் எப்படி ஓட்டிட்டுப் போனீங்க?

நான்:
காலையில எஞ்சின் ஆறியிருக்கறப்ப ரொப்பிட்டு, முள்ளு மேலயே கண்ண வச்சு சின்ன ரோட்டுலயே போனேன் தம்பி, எக்ஸ்பிரஸ்வே ஏறல. உங்களுக்கு வேகமா ஒழுகுச்சுன்னா ஓட்டாதீங்க, டோ வண்டிய கூப்பிட்டுருங்க.