தானே புயலைக் கண்டவர்களின் உதவி தேவை
வணக்கம். கடலூரில் எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளின் குழு, அறிவியல் செயல்திட்டத்திற்காக, 2011 டிசம்பர் 30 அன்று காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலை எடுத்துக்கொண்டுள்ளது. வங்கக்கடல் புயல்களில் காற்று இடஞ்சுழியாக வீசுவதால், மேற்கு நோக்கி நகரும் புயலின் கண் கடக்கும் இடத்தில் முதலில் வடக்கிலிருந்தும், சற்று நேர அமைதிக்குப் பின் தெற்கிலிருந்தும் காற்று அறையும். பாட்டில் நீரைச் சுழற்றிக் காட்டும் மாதிரியைவிட இதுவே பிள்ளைகளுக்கு நன்கு விளங்கும் என்று கருதுகிறேன். ஆகவே, அன்று உங்கள் ஊரில் அந்த அமைதி நிலவியதா என்பதையும், முந்திரியும் பலாவும் எந்தத் திசை நோக்கிச் சாய்ந்தன என்பதையும் ஊர்ப்பெயருடன் தெரிவிக்க வேண்டுகிறேன். பண்ருட்டிப் பக்கத்துப் பெரியவர்களின் நினைவுகள் பெரிதும் உதவும். வேரோடு பெயர்ந்த மரங்களின் பழைய படங்கள் இருந்தால், எடுத்த இடத்தையும் குறிப்பிட்டு அனுப்புங்கள்.