'ரூக்கி'க்கு ஒரு சொல்: தலைப்பருவ வீரர்

நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக வந்த மடல்கள் அத்தனையையும் நேற்றிரவு உட்கார்ந்து படித்தேன். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீகுக்குப் புதிதாக வருபவரைச் சொல்லும் 'ரூக்கி'க்குத் தமிழ்ச்சொல் கேட்டுத் தொடங்கிய பேச்சு, பிட்ஸ்பர்க்கின் பிட்சர் (பந்தெறிபவர்) பால் ஸ்கீன்ஸுக்கு அவ்வளவு ஆரவாரம் தகுமா என்று திரும்பி, கடைசியில் மேஜர் லீகின் இரு பாதிகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் மத்தியப் பிரிவு நோஞ்சான் பிரிவா என்பதில் வந்து நிற்கிறது. பேச்சு தடம் மாறிவிட்டது என்று சிலர் வருத்தப்பட்டிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம்மிடம் சரியான சொற்கள் இருந்திருந்தால் அந்தச் சண்டைகளில் பாதி வந்தே இருக்காது.

> 'புதுமுகம்' போதுமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும். ஆனால் அது சினிமாக்காரர்களின் சொல், அதற்கு முடிவு நாள் கிடையாது. ஒருவர் எப்போது பழைய முகம் ஆகிறார் என்று யாரும் வரையறுத்ததில்லை. மேஜர் லீகில் ரூக்கி என்பது கறாரான கணக்கு. முந்தைய பருவங்களில் ஒருவர் 130 அட்-பேட்டையோ (மட்டை பிடிக்கும் வாய்ப்பு), பிட்சராக 50 இன்னிங்ஸையோ தாண்டியிருக்கக் கூடாது, முதன்மை அணிப் பட்டியலில் 45 நாளுக்கு மேல் இருந்திருக்கவும் கூடாது. தாண்டாதவரை அவர் ரூக்கிதான்.

'அறிமுக வீரர்' வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. கிரிக்கெட் வர்ணனையில் அந்தச் சொல் முதல் ஆட்டம் ஆடுபவருக்கு உரியதாக ஏற்கெனவே நிலைத்துவிட்டது. நமக்கும் அதற்கு அது தேவைப்படும். வாஷிங்டனின் பிட்சர் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் 2010 ஜூன் 8 அன்று பிட்ஸ்பர்க் அணிக்கு எதிராக 14 பேரை ஸ்ட்ரைக்-அவுட் ஆக்கினாரே (மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது), அது அவருடைய அறிமுக ஆட்டம். அறிமுகம் ஒரு நாள் கூத்து. ரூக்கி நிலை ஒரு பருவம் முழுக்க நீள்வது.

'கற்றுக்குட்டி'யை மட்டும் தயவுசெய்து பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். சேட்சல் பேஜ் 1948-ல் கிளீவ்லாந்துக்கு ஆட வந்தபோது அவருக்கு வயது 42. கறுப்பின வீரர்களுக்கு மேஜர் லீகின் கதவு சாத்தியிருந்த காலத்தில், நீக்ரோ லீகுகளில் இருபது வருடம் பந்தெறிந்து பேர் வாங்கியவர். கணக்குப்படி அன்று அவர் ரூக்கி. அவரைக் கற்றுக்குட்டி என்று எழுத எனக்குக் கை வராது. 1947-ல் முதன்முதலாக அந்த ஆண்டின் சிறந்த ரூக்கி விருதை வாங்கிய ஜாக்கி ராபின்சனுக்கும் அப்போது வயது 28. நீக்ரோ லீகில் கான்சஸ் சிட்டி மோனார்க்ஸுக்கு ஆடிவிட்டு, கீழ்நிலை லீகில் மாண்ட்ரியலுக்கு ஒரு பருவத்தை முடித்துவிட்டு வந்தவர் அவர். இன்று விருதே அவர் பெயரில்தான் இருக்கிறது. 'இளவல்' என்பதும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறது. வயதைச் சொல்லும் எந்தச் சொல்லும் இங்கே ஒத்துவராது.

சரி, எது ஒத்துவரும்? 'தலைப்பருவம்' என்று முன்வைக்கிறேன். ஆடுபவர் தலைப்பருவ வீரர். தலைச்சன் பிள்ளை, தலைப்பிரசவம், தலையீற்று, தலைப்பொங்கல் என்று முதலாவதைக் குறிக்க நம் வீடுகளில் இன்னும் உயிரோடு புழங்கும் சொல்தான் 'தலை'. அகராதியைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை.

அதில் தலை தீபாவளியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மாப்பிள்ளைக்கு அது பிறந்ததிலிருந்து முதல் தீபாவளி கிடையாது, முப்பது தீபாவளி பார்த்தவராகக்கூட இருப்பார். மணமாகி, மாமனார் வீட்டில் கொண்டாடும் முதல் தீபாவளி என்பதால்தான் அது தலை தீபாவளி. புதிய வீட்டில் புதிய தகுதியோடு வரும் முதல் கொண்டாட்டம். இச்சிரோ 2001-ல் சியாட்டிலுக்கு வந்தபோது நடந்தது இதுவேதான். ஜப்பானில் ஒன்பது பருவம் ஆடியவர், அதில் கடைசி ஏழிலும் தொடர்ந்து பேட்டிங் பட்டம் வாங்கியவர். 27 வயதில் மேஜர் லீகில் நுழைந்து 242 ஹிட் அடித்து, சிறந்த ரூக்கி, மிக மதிப்புமிக்க வீரர் இரண்டு விருதையும் ஒரே ஆண்டில் எடுத்துக்கொண்டார். இவர் எப்படி ரூக்கி என்று அன்று கேட்டவர்கள் நிறைய. 2003-ல் அது கேள்வியோடு நிற்கவில்லை. ஜப்பானின் யோமியூரி ஜயன்ட்ஸில் பத்துப் பருவம் ஆடிவிட்டு நியூயார்க் யாங்கீஸுக்கு வந்த ஹிதேகி மட்சுயியை, அவர் உண்மையான ரூக்கி இல்லை என்று சொல்லி வாக்காளர்கள் இருவர் தங்கள் சீட்டில் எழுதவே இல்லை. சிறு வித்தியாசத்தில் கான்சஸ் சிட்டியின் ஏஞ்சல் பெரோவா விருதைக் கொண்டுபோனார். விதி தெளிவாகவே இருந்தது. 'ரூக்கி' என்ற சொல்லுக்குள் ஒட்டியிருக்கும் பச்சைப்பிள்ளை வாசனைதான் அந்த இருவரையும் குழப்பியது என்று நினைக்கிறேன். மட்சுயிக்கு அது தலைப்பருவம் என்று தமிழில் எழுதியிருந்தால் அதில் குழம்ப என்ன இருக்கிறது?

> அப்படியானால் நேராக 'முதல் பருவம்' என்றே சொல்லலாமே?

சொல்ல முடியாது. மைக் டிரவுட் மேஜர் லீகில் முதலில் ஆடியது 2011-ல். 40 ஆட்டம், 123 அட்-பேட், சராசரி .220. கோடு 130-ல் இருந்ததால் 2012-லும் அவர் ரூக்கிதான். அந்த ஆண்டு .326 சராசரி, 30 ஹோம் ரன், 49 திருட்டுத் தளம் (எதிரணி தடுக்குமுன் ஓடிப் பிடிக்கும் அடுத்த தளம்), கையில் விருது. ஏரன் ஜட்ஜும் அப்படித்தான். 2016-ல் 84 அட்-பேட், அதில் 42 முறை ஸ்ட்ரைக்-அவுட். அடுத்த ஆண்டு 52 ஹோம் ரன், ஒருமனதாக விருது. இருவருக்குமே முதல் பருவம் வேறு, தலைப்பருவம் வேறு.

இதற்கும் நம் வழக்கத்தில் இடம் இருக்கிறது. மணமான வருடம் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் எங்கள் பக்கத்தில் அந்தத் தீபாவளியைக் கொண்டாட மாட்டார்கள். அடுத்த வருடம் வருவதையே தலை தீபாவளியாக எடுத்துச் செய்வார்கள். கணக்கில் இரண்டாவது, முறைப்படி தலையானது. டிரவுட்டின் 2012 அதுதான்.

தலைநகர், தலைவாசல் என்பதுபோல 'முதன்மையான பருவம்' என்று பொருள் கொள்ளலாமே என்ற மறுப்பு நியாயமானது. அதை நான் ஒதுக்கவில்லை. ஆனால் தலைப்பிரசவம் என்றால் முதன்மையான பிரசவம் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. நான்கு கட்டுரையில் புழங்கினால் இதுவும் பழகிவிடும்.

அடுத்தது 'ஹைப்'. 'மிகைப்புகழ்' என்ற சொல்லுக்கு நான்கைந்து பேர் கைதூக்கியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. விசாரணை முடியுமுன்பே தீர்ப்பு எழுதிவிடுகிற சொல் அது. புகழ் மிகையா இல்லையா என்பது பிறகுதானே தெரியும்? பேச்சுவழக்கில் சொல்கிற 'பில்டப்'பிலும் இதே பழுது. ஸ்கீன்ஸ் 2023-ல் அணிகள் புதியவர்களை எடுக்கும் தேர்வில் முதல் ஆளாகத் தேர்வானபோதே ஊர் முழுக்க அவர் பேச்சு. 2024 மே மாதம் வந்து, அதே பருவத்தில் ஆல்-ஸ்டார் எனும் நட்சத்திர ஆட்டத்தில் தொடக்கப் பிட்சராக எறிந்து, 1.96 ஈ.ஆர்.ஏ.வோடு (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுக்கும் ரன்னின் சராசரி, குறைவே நல்லது) விருதும் வாங்கினார். இதில் மிகை எங்கே?

அதனால் 'அச்சாரப்புகழ்'. சரக்கு கைக்கு வருமுன் நம்பிக்கையின் பேரில் கொடுத்து வைப்பது அச்சாரம். சரக்கு நன்றாக அமையலாம், அமையாமலும் போகலாம். கொடுத்தவர் ஏமாளி என்றும் சொல் சொல்லவில்லை, வாங்கியவர் மோசக்காரர் என்றும் சொல்லவில்லை. ஸ்ட்ராஸ்பர்க் வாங்கிய அச்சாரம் சாதாரணமானது இல்லை. அறிமுகமான அதே ஆண்டு செப்டம்பரில் முழங்கை அறுவைச் சிகிச்சை, 2019 உலகத் தொடர் என்னும் இறுதிப் போட்டியில் மிக மதிப்புமிக்க வீரர், அதன்பின் ஓயாத காயங்கள். அச்சாரம் தீர்ந்ததா என்று இன்றும் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வார்கள். அந்த விவாதத்துக்குச் சொல் இடம் விட வேண்டும்.

இன்னொன்றையும் பிரித்து வைக்க வேண்டும். டெட்ராய்டின் பிட்சர் மார்க் ஃபிட்ரிச்சை 1976 தொடக்கத்தில் யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. 21 வயதில் 19 வெற்றி, தொடக்கம் முதல் முடிவு வரை அவரே எறிந்த 24 முழு ஆட்டம், மண்ணை மண்டியிட்டுச் சீர்செய்வதும் பந்தோடு பேசுவதுமாக நாட்டையே கட்டிப்போட்டார். அடுத்த ஆண்டே முழங்கால், பிறகு தோள். மொத்த வாழ்க்கையிலும் 29 வெற்றிதான். 1981-ல் பெர்னாண்டோ வாலென்சுவேலா தொடக்கப் பிட்சராக எறிந்த முதல் எட்டு ஆட்டத்தையும் வென்றார், அதில் ஐந்தில் எதிரணிக்கு ஒரு ரன்கூட இல்லை. இந்த இருவருக்கும் கிடைத்தது முன்கூட்டிய புகழ் இல்லை, கண்ணால் பார்த்து ஜனங்கள் கொடுத்தது. நம் தேர்தல் பேச்சில் வரும் 'அலை' இதற்கு அப்படியே பொருந்தும். 'பெர்னாண்டோ அலை' என்று எழுதிப் பாருங்கள், விளக்கமே வேண்டாம்.

> டிவிஷனுக்குப் 'பிரிவு' என்று முடிந்த கதையை ஏன் மறுபடி கிளற வேண்டும்?

சென்னை லீக் கிரிக்கெட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முதல் டிவிஷன், இரண்டாம் டிவிஷன் என்றால் மேலே கீழே அடுக்கிய படிகள். மேஜர் லீகின் ஆறு டிவிஷனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பவை. ஒவ்வொன்றிலும் ஐந்து அணி, ஏற்றமும் இறக்கமும் இல்லை. 'வலுவான பிரிவு' என்று எழுதினால் மேல்படி என்றே பாதிப்பேர் படிப்பார்கள். துலீப் கோப்பையில் தெற்கு மண்டலம், மேற்கு மண்டலம் என்று கேட்டுப் பழகியிருக்கிறோம். அந்த 'மண்டலம்' இங்கே சரியாக உட்காரும். 1969 முதல் 1993 வரை அட்லாண்டா எப்படி மேற்கில் இருந்தது என்று கேட்பீர்கள். இருந்தது, வரைபடத்துக்கு ஒவ்வாமல்தான். அதனால்தான் 1993-ல் 103 ஆட்டம் வென்ற சான் பிரான்சிஸ்கோ, 104 வென்ற அட்லாண்டாவுக்குப் பின்னால் நின்று வீட்டுக்குப் போனது. ஆங்கிலப் பெயரிலும் அந்தக் கோணல் இருந்ததே, நம் சொல்லை மட்டும் குற்றம் சொல்வானேன்?

இனி அந்தச் சண்டை. 'மண்டல வலு' என்று ஒரே சொல்லில் இரண்டு சங்கதியைப் போட்டுக் குழப்பியிருக்கிறோம். மண்டலத்து அணிகள் எவ்வளவு நல்லவை என்பது ஒன்று. அந்த மண்டலத்தில் இருப்பதால் ஓர் அணி சுமக்க வேண்டிய ஆட்டங்கள் எவ்வளவு கடினம் என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு 'எதிரணிச் சுமை' என்று தனிச்சொல் வைப்போம். 2022 வரை மண்டலத்து அணி ஒவ்வொன்றோடும் 19 ஆட்டம், ஆகமொத்தம் 76. 2023 முதல் 13 வீதம் 52 தான். மீதி 110 ஆட்டம் வெளியே. ஸ்கீன்ஸின் எண்கள் நேஷனல் லீக் மத்திய மண்டலத்தின் தயவு என்று எழுதிய நண்பர் இந்த 110-ஐக் கணக்கில் எடுக்கவில்லை.

2024-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 ஆட்டம் தோற்றது. அமெரிக்கன் லீக் மத்திய மண்டலத்தின் மற்ற நான்கு அணிகளுக்கும் அதனுடன் 13 ஆட்டம் கிடைத்தது, ஆகவே எதிரணிச் சுமை குறைவு. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை வைத்து மண்டல வலுவும் குறைவு என்று முடிக்கக் கூடாது. 86 வெற்றியோடு பிளே-ஆஃபுக்குப் போன டெட்ராய்ட் ஹூஸ்டனையும், அதே 86-ஓடு போன கான்சஸ் சிட்டி பால்டிமோரையும் முதல் சுற்றில் ஓர் ஆட்டமும் விடாமல் அனுப்பிவைத்தன. அதற்கு முந்தைய ஆண்டு அதே லீகின் கிழக்கு மண்டலத்தில் டொராண்டோ 89 வென்றும் மூன்றாம் இடம், மத்தியில் மின்னசோட்டா 87-ஓடு முதலிடம். பிளே-ஆஃபில் நேருக்கு நேர் மோதியபோது மின்னசோட்டாதான் இரண்டையும் வென்றது. இரண்டு ஆட்டம் எதையும் நிரூபிக்காது என்பீர்கள், சரிதான். ஆனாலும் கிழக்கின் கடைசி அணி மத்தியில் கோப்பை தூக்கும் என்ற பேச்சை இனி ஆதாரத்தோடு பேசுங்கள்.

ஆட்சேபம் இல்லையென்றால் இப்படிப் பதிவு செய்கிறேன்: ரூக்கி, தலைப்பருவ வீரர். ஹைப், அச்சாரப்புகழ். டிவிஷன், மண்டலம். பிட்சர், ஹோம் ரன் எல்லாம் அப்படியே இருக்கட்டும். மண்டலத்தில் முதலிடம் பிடிக்காத அணிக்கும் கிடைக்கும் பிளே-ஆஃப் இடமான 'வைல்ட் கார்டு'க்கும் கை வைக்க வேண்டாம், தொலைக்காட்சி அதை எல்லார் வீட்டிலும் பழக்கிவிட்டது.

ஒன்று மட்டும் பாக்கி. மேஜர் லீகுக்கு ஆட்களை வளர்க்கும் கீழ்நிலை லீகுகளான மைனர் லீக் அமைப்பை ஆங்கிலத்தில் பண்ணை என்கிறார்கள். விளையாட்டை வைத்துப் பார்த்தால் 'நாற்றங்கால்' இன்னும் நெருக்கம், அங்கே வளரும் பையன்கள் 'நாற்று'. நாற்றைப் பறித்து வயலில் நட்டதும் நிறம் வெளுத்து, தலை சாய்ந்து, சில நாள் கழித்துத்தான் பச்சை பிடிக்கும். டிரவுட்டின் 2011, ஜட்ஜின் 2016 இரண்டும் அந்த வெளுத்த நாட்கள்தான். இதற்கு என்னிடம் சொல் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கமோ கிளிநொச்சிப் பக்கமோ வயலில் இறங்கியவர்கள் குழுவில் இருக்கிறீர்கள். நட்டதற்கும் பச்சை பிடிப்பதற்கும் நடுவிலுள்ள அந்த நாட்களை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வார்கள்?